ஜனாதிபதிக்கு ஒரு வசனம் பின்னால்

முதலில் தேசிய கீதம் போகும், பிறகு யாரோ ஒருத்தர் மைக்கைத் தட்டிப் பார்ப்பார், பிறகு அம்மா வருவாள். இந்த ஒழுங்கு ஜெனிற்றாவுக்குப் பால்பல் விழுந்த காலத்திலிருந்தே பழக்கம். நாட்டுக்கு யார் ஜனாதிபதியாக வந்தாலும் பதவியேற்ற கையோடு மக்களுக்கு ஒரு உரை நிகழ்த்துவார். அது சிங்களத்தில் போகும். வானொலி நிலையத்தின் கண்ணாடி அறைக்குள் இருந்துகொண்டு அதைக் காதில் வாங்கி, ஒரு வசனம் பின்னால் தமிழில் சொல்லிக்கொண்டு வருவதுதான் அம்மாவின் வேலை. அவர் நான் என்றால் அம்மாவும் நான் என்பாள். அவர் என் அருமை மக்களே என்றால் அம்மாவும் என் அருமை மக்களே என்பாள். வீட்டில் ஜெனிற்றாவை ஒரு நாளும் அருமை என்று கூப்பிட்டதில்லை, அது வேறு கதை. இன்றைக்கும் ஒருத்தர் புதிதாகப் பதவியேற்கிறார். நாடு கிடக்கிற கிடைக்கு இதை எதற்கு ஒரு விழா மாதிரிச் செய்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. பெற்றோல் இல்லை, மருந்து இல்லை, பரீட்சைத் தாள் அடிக்கக் கடதாசி இல்லை என்று சோதனையைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள், போதும் உங்கட படிப்பு என்று அவள் பள்ளிக்கூடத்தை விட்டே வந்துவிட்டாள், வந்ததற்கு இன்னும் கவலை வரவில்லை, வரும்போது பார்க்கலாம். இப்போது கொட்டாஞ்சேனையில் கேஸ் கடைக்கு முன்னால் வெறும் சிலிண்டரைச் சரித்துப் போட்டு அதன்மேல் குந்திக்கொண்டிருக்கிறாள். சிலிண்டர் குளிர்ந்துபோய்க் கிடக்கிறது, எழும்பி நின்றால் கால் வலிக்கிறது, இருந்தால் இடுப்பு வலிக்கிறது. முன்னால் சித்தீக் நானா நிற்கிறார், தேத்தண்ணிக் கடைக்காரர், கேஸ் இல்லாமல் கடையைப் பூட்டிவிட்டு வந்தவர். அவருடைய போனில்தான் தேசிய கீதம் போகிறது. வரிசையில் பாதிப் பேர் எழும்பி நிற்கிறார்கள், பாதிப் பேர் இருக்கிறார்கள், எழும்பினவர்களும் கீதத்துக்காக எழும்பினார்களா கால் மரத்துப் போய் எழும்பினார்களா தெரியாது.

அம்மா செருப்பைக் கழற்றியிருப்பாள். வெறுங்கால் தரையில் பட்டால்தான் அவளுக்குச் சொல் வரும். நாக்குக்கு அடியில் ஒரு கராம்பு. தலையில் மாட்டின காதுக்குழாயில் ஒன்று காதை மூடும், மற்றது பாதி திறந்திருக்கும், தன் குரலும் தனக்குக் கேட்கவேண்டும் என்பாள். பக்கத்து நாற்காலியில் தியோகுப்பிள்ளை மாமா இருக்க வேண்டும். இந்த வேலையை ஒருத்தர் தனியாகச் செய்வதில்லை, ஒருத்தர் சொல்லும்போது மற்றவர் வருகிற இலக்கங்களை எழுதி எழுதிக் காட்டுவார், களைத்தால் மாறிக்கொள்வார்கள், மூளை கொதித்துப் போகும் வேலை. ஆனால் மாமாவின் வீடு வத்தளைக்கும் அப்பால், பஸ் இல்லை, ஓட்டோவுக்குப் பெற்றோல் இல்லை, வரமாட்டார். காலையில் அம்மா போன் எடுத்து இதைச் சொன்னாள். தனியாகவா? இந்த ஒருதரம் பார்ப்போம் என்றுதான் நிலையத்துப் பணிப்பாளரே சொல்லியிருக்கிறார், பார்ப்போம் என்றால் என்ன கருத்து, போனமுறை மாதிரி இன்றைக்கும் பிழை விட்டால் அம்மா இனி அந்த அறைக்குள் கால் வைக்க ஏலாது என்றுதானே. அதைக்கூடத் தாங்கலாம். வேலை போனால் போகட்டும், வேறு வேலை இருக்கிறது. ஆனால் அம்மா இப்போது வீட்டில் இருக்கிற மாதிரி இனி எப்போதும் இருக்கப்போகிறாள் என்றால் அதைத் தாங்க ஏலாது. காலையில் அந்தப் போனிலும் அதுதான். "அப்ப நீ கியூவில நிக்கிறாய், அப்பிடித்தானே சொன்னனீ?" "ஓம் அம்மா." "கேஸ் கியூவில." "வேற என்ன, படக் கொட்டகைக் கியூவிலயா?" "இல்லை, நீ கேஸ் எண்டுதானே சொன்னனீ?" இப்படித்தான். உப்புப் போதும் என்றால், போதும் எண்டுதானே சொன்னனீ. கதவைப் பூட்டு என்றால், பூட்டச் சொன்னனீயா. இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூக்கத்திலும் தடுமாறாத மனுசி, இப்போது தன் காதையே நம்பாமல் திரிகிறாள். ஜெனிற்றா பொறுமைசாலி இல்லை, மூன்றாம் முறை கேட்டால் கத்திவிடுவாள், கத்தின பிறகு குசினிக்குப் போய்ச் சும்மா ஒரு கோப்பையைக் கழுவுவாள்.

"எனத்தியன் இந்த ஆள் செல்லப் போறார்? புதுசா ஒண்டும் ஈக்காது," என்றார் சித்தீக் நானா. "பாருங்க மகள், இப்ப செல்லுவார், இது மிச்சம் கஸ்டமான காலம் எண்டு." போனுக்குள்ளிருந்து மைக்கைத் தட்டும் சத்தம் வந்தது. பிறகு அம்மா. "என் அன்புக்குரிய நாட்டு மக்களே. மிகவும் கடினமானதொரு காலகட்டத்தில் இந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்." நானா கையைத் தட்டிச் சிரித்தார். வரிசையே சிரித்தது. ஜெனிற்றா சிரிக்கவில்லை, குரலைக் கவனித்தாள். முதல் வசனத்தில் குரல் கொஞ்சம் மேலே நின்றது, இரண்டாவதில் கீழே இறங்கி உட்கார்ந்தது. சரி. ஜெனிற்றாவுக்கு இந்த உரைகள் எல்லாம் பாடம். மற்ற வீடுகளில் செபமாலை சொல்லுகிற நேரத்தில் அவர்கள் வீட்டில் அம்மா பழைய பதவியேற்பு உரைகளைப் போட்டுப் பயிற்சி செய்வாள், தேங்காய் துருவிக்கொண்டு, உடுப்பு மடித்துக்கொண்டு. யுத்தகாலத்து உரை, கடல் பொங்கின பிறகு வந்த உரை, காசு பெறுமதி இழந்த காலத்து உரை. கெட்ட காலத்தில் வருகிற உரை எல்லாவற்றுக்கும் உடம்பு ஒன்றுதான், சட்டைதான் வேறு. முதலில் கஷ்டம், அதை எனக்கு முதல் இருந்தவர் தந்துவிட்டுப் போனார் என்று சொல்லாமல் சொல்லுகிறது. பிறகு இலக்கங்கள். பிறகு நீங்கள் எல்லாரும் தியாகம் செய்யவேண்டும். பிறகு நான் இதைத் தருவேன் அதைத் தருவேன். பிறகு எங்கள் பெருமைமிக்க வரலாறு. கடைசியில் ஆகவே, கைகோர்ப்போம். ஆகவே வந்தால் முடியப்போகிறது என்று அர்த்தம், சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஆகவே வந்ததும் அவள் ஓடிப்போய் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைப்பாள்.

"ஐயோ, இது அந்த மனுசியின்ட குரல்!" பின்னால் நின்ற மலரக்கா கத்தினாள். பக்கத்து ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்கிறவள், காலையிலிருந்து ஜெனிற்றாவுடன் நல்ல சிநேகம், ஒரு பணிஸ் வாங்கிப் பாதி தந்தவள். "எந்த மனுசி?" என்றார் நானா. "போனமுறை கதை விட்டாளே, அவள்தான். பத்து லீற்றர் மண்ணெண்ணெய்! நான் பிளாஸ்ரிக் கானைத் தூக்கிக்கொண்டு போனனான் நானா, விடியக்காலமை, ரெண்டு கையிலயும் ரெண்டு கான்." ஜெனிற்றா குனிந்து செருப்பு வாரைப் பார்த்தாள். செருப்பு வாரில் பார்க்க ஒன்றும் இல்லை. போனமுறை பதவியேற்றவருடைய உரை முதல்நாள் இரவே எழுத்தில் வந்துவிட்டது, அம்மா அதை மெழுகுதிரி வெளிச்சத்தில் தமிழாக்கி வைத்திருந்தாள், அப்படிக் கிடைப்பது கொழுத்த அதிர்ஷ்டம். மேசையில் தமிழ் இருக்கிறது, காதில் சிங்களம் வருகிறது, இரண்டும் ஒன்றாகப் போகிறது, கண் தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டு போகிறது. அந்த மனுசன் ஒரு பந்தியை விட்டுவிட்டார். இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டதோ, கடைசி நேரத்தில் யாராவது வேண்டாம் என்றார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அம்மா விடவில்லை. நாளை முதல் மண்ணெண்ணெய் அடுப்புள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் பத்து லீற்றர் இலவசமாக வழங்கப்படும் என்று அவருடைய வாயால், அவருடைய நானால், தமிழில் மட்டும் வாக்குக் கொடுத்துவிட்டாள். சிங்களத்தில் கேட்டவர்களுக்கு ஒன்றும் இல்லை. அடுத்த நாள் விடிய மண்ணெண்ணெய் நிலையங்களுக்கு முன்னால் கானோடு வந்து நின்றது முழுக்கத் தமிழ் கேட்ட சனம், ஏன் இவ்வளவு பேர் என்று மற்றவர்களுக்கு விளங்கவே இல்லை. பின்னேரம் நிலையம் ஒரு திருத்தம் வாசித்தது. ஒரே ஒரு திருத்தம், அம்மா அல்ல, வேறு யாரோ வாசித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது, ஒருத்தரும் சாகவில்லை. ஆனால் அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ஒழுங்கையால் வெறும் கானோடு திரும்பி வருகிற சனத்தை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னை நம்பி நிண்டவை," என்றாள். ஜெனிற்றா சொன்னாள், "ஜனாதிபதியை நம்பி நிண்டவை, உங்களை இல்லை." அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னது. இல்லை என்று பிறகுதான் விளங்கியது. அவர்களுக்கு ஜனாதிபதி என்றால் அம்மாவின் குரல்தானே, வேறு எந்தக் குரலை அவர்கள் கண்டார்கள்.

"நமது மொத்தக் கடன்," என்றது போன், ஜெனிற்றாவின் முதுகு நிமிர்ந்தது, இலக்கம் வருகிறது, இந்தமுறையும் உரை எழுத்தில் வந்துதான் கிடக்கிறது, ஆனால் கடைசி நேரத்தில் இலக்கம் மாறலாம், காதில் வருகிறதை எழுதித் தரப் பக்கத்தில் ஆள் இல்லை. தெருவோரத்தில் பெற்றோல் இல்லாமல் நிறுத்திக் கிடந்த ஒரு ஓட்டோவுக்குள் சாரதி காலை வெளியே நீட்டிக்கொண்டு படுத்திருந்தான், அவனுடைய ரேடியோவில் அதே உரை சிங்களத்தில் போய்க்கொண்டிருந்தது. இந்தக் காதில் அவர், அந்தக் காதில் அம்மா. அவர் இலக்கத்தைச் சொன்னார், நீளமான இலக்கம், ஜெனிற்றாவே அதைத் தமிழில் போடப் பார்த்துப் பாதியில் தொலைத்தாள், பில்லியனா மில்லியனா, ஐயோ கர்த்தரே. அம்மா ஒரு மூச்சு விட்டாள், அந்த மூச்சு ரேடியோவில் கேட்டது, பிறகு இலக்கத்தைப் படிப்படியாக, மாடியேறுகிற மாதிரிச் சொல்லி மேலே போய் நின்றாள். சரியாகச் சொன்னாள். ஜெனிற்றா உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தாள். இவ்வளவு பயப்பட என்ன இருக்கிறது, அவள் ஒன்றும் சத்திரசிகிச்சை செய்யவில்லை, கதைக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் இது வேறு மாதிரிப் பயம். சின்ன வயதில் பள்ளிக்கூட நாடகத்தில் அவள் மேடையில் நின்றபோது அம்மா முன்வரிசையில் இருந்து அவளுடைய வசனத்தை வாயசைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள், அது அப்போது எவ்வளவு வெட்கமாக இருந்தது. இப்போது ஜெனிற்றாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. "என்னடி தங்கச்சி, நீயும் செபம் சொல்றியா?" என்றாள் மலரக்கா. "பசி," என்றாள் ஜெனிற்றா. "பசிக்கு வாய் அசையுமா?" "எனக்கு அசையும்."

தியாகம் வந்தது. நாம் அனைவரும் இன்னும் சில காலம் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று அம்மா சொன்னாள், பொறுத்துக்கொள்ளவேண்டும் என்ற சொல்லை அவள் சொன்ன விதத்தில் வரிசையில் ஒருத்தர் "சரி, பொறுப்பம்" என்று பதில் வேறு சொன்னார். அதோடு நின்றது. ஓட்டோ ரேடியோ நின்றது, நானாவின் போனும் நின்றது. முதலில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. பிறகு நானா போனைக் கையில் தட்டினார். "செத்துப் போச்சா?" "கரண்ட் போயிருக்கும்," "அங்க எப்பிடிப் போகும், அவைக்குப் போகாது." போகவில்லை. உற்றுக் கேட்டால் பின்னால் ஒரு மண்டபம் இருந்தது, யாரோ இருமினார்கள், கடதாசி சரசரத்தது. அவர் பேசாமல் நிற்கிறார். ஏன் நிற்கிறார்? தண்ணீர் குடிக்கிறாரா, அழுகிறாரா, பக்கம் தேடுகிறாரா? ஜெனிற்றாவுக்கு அவர் ஏன் நிற்கிறார் என்பது தேவையில்லை. அம்மாவின் மேசையில் தமிழ் இருக்கிறது. அடுத்த பந்தி அங்கே எழுதிக் கிடக்கிறது, இது தியாகத்துக்கு அடுத்த இடம், தருவேன் தருவேன் என்று வருகிற இடம், போனமுறையும் இதே இடம்தான். ரேடியோவில் மௌனம் என்றால் நிலையத்தில் இருக்கிறவர்களுக்குத் தீப்பிடித்த மாதிரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பணிப்பாளர் கையைக் காட்டுவார், ஏதாவது சொல்லுங்கோ, ஏதாவது சொல்லுங்கோ. சொல்லாதே அம்மா. "பாருங்கோ இப்ப," என்றாள் மலரக்கா, "அந்தாள் வாயைத் திறக்க முதல் இவள் பத்து லீற்றர் எண்டு துவங்கப் போறாள்." சனம் சிரித்தது, சிரிக்கட்டும், நல்லாச் சிரிக்கட்டும், சொல்லாதே, வாயை மூடிக்கொண்டிரு, கராம்பைக் கடி, நாள் முழுக்க எங்களிடம் கேட்டாயே அப்படித்தானே சொன்னாய் அப்படித்தானே சொன்னாய் என்று, இப்போது அவரிடம் கேள், அவர் சொல்லட்டும், அவர் சொன்ன பிறகு சொல், நாடு முழுக்கக் காத்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, பழகின நாடுதானே, காத்திருக்கிறதைத் தவிர வேறு என்ன செய்கிறது இது. காகம் ஒன்று கரைந்தது. கோயில் பக்கமாக யாரோ ஒரு ஷட்டரை இழுத்து மூடினார்கள். அம்மா சொல்லவில்லை.

ஓட்டோவில் அவர் தொண்டையைச் செருமினார். பிறகு ஒரு சொல் சொன்னார். ஆகவே. ஜெனிற்றா சிலிண்டரை விட்டு எழும்பிவிட்டாள். தியாகத்திலிருந்து நேரே ஆகவேக்கு! தருவேன் எங்கே, வரலாறு எங்கே, எல்லாவற்றையும் ஒரே தாண்டலில் தாண்டிவிட்டார். இந்தச் சனத்துக்குத் தெரியாது, ஆனால் தேங்காய்ச் சிரட்டை பொறுக்கிக்கொண்டு இந்த உரைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும், அவர் பக்கங்களை விட்டுவிட்டார், கொத்தாக விட்டுவிட்டார், இப்போது அம்மாவுக்கு முன்னால் கிடக்கிற தாளில் ஒன்று இருக்கிறது, காதில் வேறொன்று போகிறது. அரை மூச்சு. அந்த அரை மூச்சுக்குள் ஜெனிற்றா மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தாள், பிறகு மெழுகுதிரி விலையை நினைத்துச் சின்ன மெழுகுதிரி என்று மாற்றினாள். "ஆகவே," என்றாள் அம்மா. தெளிவாக, அவசரமில்லாமல், சோறு போடவா என்று கேட்கிற குரலில். "ஆகவே, என்னிடம் உங்களுக்குச் சொல்வதற்கு இன்று இதற்கு மேல் எதுவும் இல்லை. நாம் கைகோர்ப்போம்." அவர் ஒரு வசனம், அம்மா ஒரு வசனம், அவர் ஒன்று, அம்மா ஒன்று, கயிறு பிடித்த மாதிரி அவருக்குப் பின்னாலேயே கடைசிப் படிவரைக்கும் போனாள், நன்றி என்றாள், வணக்கம் என்றாள். பாட்டுப் போட்டார்கள்.

ஜெனிற்றா திரும்பச் சிலிண்டரில் இருந்தாள். மூக்கு ஓடியது, பாவாடை நுனியால் துடைத்தாள், யார் பார்த்தால் என்ன. "அவ்வளவுதானா?" என்றார் நானா போனைப் பார்த்து. "ஒண்டும் தாறதா செல்லல்லயே இந்த ஆள்!" "தரமாட்டன் எண்டதை மனுசி வடிவாச் சொன்னாள்," என்றாள் மலரக்கா. "அதுக்காவது ஒரு கும்பிடு. எனக்குக் கான் தூக்கிற வேலை மிச்சம்." அப்போதுதான் ஜெனிற்றாவின் போன் அடித்தது. அம்மா எப்போதும் சத்தமாகக் கதைப்பாள், போன் ஸ்பீக்கரோ பழசு, காதில் வைத்தாலும் தெருவுக்கே கேட்கும். "ஜெனி! கேட்டனீயா? ரெண்டு பக்கம், முழுசா ரெண்டு பக்கம் விட்டிட்டார் மனுசன்! நான் அந்தத் தாளையே கவிட்டு வைச்சிட்டன், அவர் நிண்டவுடன கவிட்டிட்டன், பணிப்பாளர் கண்ணாடியில அடிக்கிறார், நான் பாக்கவே இல்லை." மலரக்கா தலையைச் சரித்துக் கேட்டாள். கண் பெரிதானது. "இது..." என்றாள். "இது அவளின்ட குரல் எல்லோ?" பொய் சொல்ல நேரம் இருந்தது. ஆனால் பொய் சொன்னால் அதை ஞாபகம் வைத்திருக்கவேண்டும், ஜெனிற்றாவுக்கு அந்த வேலை சரிவராது. "ஓம். என்ட அம்மா," என்றாள். "பணிஸ் வேணுமெண்டா திருப்பித் தர ஏலாது, திண்டிட்டன்."

மலரக்கா கையை நீட்டினாள். போனைத் தா என்று. அறைவாளோ என்றும் இருந்தது. ஜெனிற்றா கொடுத்தாள். "அக்கா," என்றாள் மலரக்கா, "நான் ஆரெண்டு உங்களுக்குத் தெரியாது. பத்து லீற்றருக்குக் கானோட போன கூட்டத்தில ஒருத்தி."   ஜெனிற்றா போனைப் பறிக்கக் கையைத் தூக்கினாள். "நீங்க பிழை விட்டீங்க, நானும் ஏச வேண்டியதை எல்லாம் ஏசிட்டன், உங்களுக்குக் கேக்கேல்லை, அது உங்கட அதிர்ஷ்டம்," என்றாள் மலரக்கா. "இப்ப ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. அந்தாள் விட்ட ரெண்டு பக்கத்தில கேஸைப் பற்றி ஏதும் கிடந்ததே? லொறி வருமாமோ?" நானா கிட்ட வந்தார். நானாவுக்கு முன்னால் நின்றவர்களும் வந்தார்கள். போனைச் சுற்றி ஒரு வட்டம்.  அம்மாவுக்கு ஆட்களை ஏமாற்றப் பிடிக்காது, அதுவும் கானோடு போனவளிடம் இல்லையென்று சொல்ல வாயே வராது, இதில் வழுக்கினால் நாளைக்கு இந்த ஊர் முழுக்க அம்மாவின் பெயரால் இன்னொரு வரிசை நிற்கும். "தங்கச்சி," என்றாள் அம்மா. "கானுக்கு என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனா அவர் சொல்லாததை நான் சொல்ல மாட்டன்." "எனக்கு மட்டும், காதோட காதா..." "சொல்ல மாட்டன் எண்டுதான் சொன்னனான்." மலரக்கா போனைத் தூரப் பிடித்து அதன் முகத்தைப் பார்த்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். "தேறிட்டாள் நானா, மனுசி தேறிட்டாள்!" என்றாள். நானாவும் சிரித்தார், "எங்களுக்குத்தான் கேஸ் இல்ல," என்றார்.

கடைக்காரர் வெளியே வந்து லொறி இன்றைக்கு வராது என்று கையை விரித்தபோது வரிசையில் எழுந்த ஏச்சுக்கு அளவில்லை, அதில் பாதி புதிய ஜனாதிபதிக்கு, மீதி கடைக்காரருக்கு. ஜெனிற்றா சிலிண்டரை நிமிர்த்தி, தோளுக்கும் காதுக்கும் இடையில் போனைச் செருகிக்கொண்டு ஒரு கையால் உருட்டத் தொடங்கினாள். அம்மா விடாமல் கதைத்துக்கொண்டிருந்தாள். தியோகுப்பிள்ளை மாமா வீட்டிலிருந்து கேட்டுவிட்டுப் போன் எடுத்தாராம், இலக்கத்தைச் சொன்ன விதத்துக்கு எழும்பி நின்றாராம், கண்டீனில் சீனி இல்லாத தேத்தண்ணி தந்தார்களாம், செருப்பில் ஒன்றைக் காணவில்லையாம், மேசைக்கு அடியில் குனிந்து தேடினால் பணிப்பாளரும் சேர்ந்து குனிந்தாராம், நடந்துதான் வரப்போகிறாளாம், வழியில் மரவள்ளி கிடைத்தால் வாங்கி வருவாளாம், விறகில் அவிக்கலாமாம், தேங்காய் இருக்கிறது என்று காலையில் நீ சொன்னாய் என்றாள். சொன்னாயா என்று கேட்கவில்லை, சொன்னாள். ஒரு வசனத்துக்கும் இன்னொரு வசனத்துக்கும் இடையில் மூச்சுவிடக்கூட இடம் இல்லை, யாரும் குறுக்கே பேச ஏலாது. மற்ற நாளென்றால் ஜெனிற்றா, சரி அம்மா வையுங்கோ, பற்றரி போகுது என்றிருப்பாள். சிலிண்டர் தார் வீதியில் கடகடவென்று உருண்டது, கழுத்து நொந்தது, பற்றரி உண்மையிலேயே போய்க்கொண்டிருந்தது. "ம்," என்றாள் ஜெனிற்றா. "பிறகு?"